நிலைக்குக் கீழே

ஊர்காவற்றுறையில் துறைமுகத்துக்கு இறங்கும் தெருவைப் படம் எடுக்க வருகிறவர்கள், பழைய வீடுகளை எல்லாம் சண்டையில் விழுந்த ஷெல் உடைத்துவிட்டது என்று கவலைப்படுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். ஷெல் உடைத்தது பாதி. மிச்சத்தை உடைத்தவர்கள் நாங்கள்.

கப்பல் வந்த காலத்தில் வியாபாரிகள் கட்டிய வீடுகள் அவை. கீழே சரக்கு வைக்கும் கிட்டங்கி, மேலே மர விறாந்தை, கடலில் எடுத்த முருகைக்கல்லில் ஒரு முழத்துக்கு மேல் தடித்த சுவர்கள். சண்டையில் இடம்பெயர்ந்த நாங்கள் தொண்ணூற்றாறுக்குப் பிறகு திரும்பியபோது, கரையில் இருந்த எங்கள் வீட்டில் அத்திவாரம் மட்டும் கிடந்தது. கனடாவுக்குப் போய்விட்ட ஒரு வியாபாரி குடும்பம் இந்தத் தெருவில் இருந்த தங்கள் வீட்டில் இருக்கச் சொன்னது. கணவரும் நானும் இரண்டு பிள்ளைகளும் அங்கே குடியேறினோம். மேல்மாடி போய்விட்டது, கீழே இரண்டு அறைக்கும் பின்னால் சமைக்கிற குசினிக்கும்தான் கூரை இருந்தது. அதை விட்டால் எங்களுக்குப் போக்கிடம் கிடையாது.

அந்த வியாபாரிகளைப் போன்ற சைவ ஆட்கள் வீடு கட்டும்போது, வாசல் நிலையை நிறுத்தும் நாளில் அதன் அடியில் பொன்னும் முத்தும் பவளமும் இட்டுப் புதைப்பார்கள். பொட்டளவு பொன்தான். ஆனால் பசி கிடந்த எங்கள் தெருவின் வாயில் அது வளர்ந்து காப்பாகவும் சங்கிலியாகவும் ஆகிவிட்டது. ஆளில்லாத வீடுகளில் ஓடும் மரமும் கழற்றி முடிந்த பிறகு, ஆட்கள் இரும்பு அலவாங்கோடு போய் நிலைகளைக் கிண்டத் தொடங்கினார்கள். சுவரின் பாரம் நிலையில்தான் இருக்கிறது என்பதை ஒரு மேசன் வந்து சொல்ல வேண்டியதில்லை. வாசல் வாசலாக விழுந்ததைக் கண்ணால் கண்டோம். கண்டும் கிண்டினார்கள்.

ஒரு காலை என் கணவரின் அண்ணன் வந்தார். அவருடைய மீன்பிடி வள்ளம் சண்டையில் எரிந்துபோயிருந்தது. எங்களிடம் ஒரு சொல் கேட்காமல் வாசற்படியில் அலவாங்கை இறக்கினார்.

“அண்ணை, பிள்ளையள் உள்ளுக்கை நிக்கினம்,” என்றார் என் கணவர்.

“கூட்டிக்கொண்டு வெளியாலை போ. உன்ரை வீடே இது?”

கணவர் அலவாங்கைப் பிடித்தார். அண்ணன் அதைப் பறித்து அவர் வாயில் குத்தினார். இரண்டு பற்கள் படியில் விழுந்தன. முற்றத்தில் மா இடித்துக்கொண்டிருந்த நான் உலக்கையோடு ஓடிப்போய், அண்ணனின் தோளில் ஓங்கிப் போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அதற்காக இன்றுவரை நான் வருந்தியதில்லை. அவரோ வெறிபிடித்தவராய், மற்றக் கையால் அலவாங்கை நிலைக்கடியில் செருகி, உடம்பு முழுவதையும் அதில் சாய்த்தார்.

கணவர் என்னை முற்றத்துக்கு இழுத்தார். முன்சுவர் அப்படியே இறங்கியது. இரண்டு அறையின் கூரையும் அதோடு போயிற்று. சுண்ணாம்புத் தூசிக்குள் ஒன்றும் தெரியவில்லை. குசினிப் பக்கம் பிள்ளைகள் அலறியது கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அண்ணன் முழங்காலுக்குக் கீழே கல்லுக்குள் கிடந்தார். கணவர் வாயால் இரத்தம் வடிய வடிய, வெறும் கையால் கல்லைப் புரட்டினார். அயலவர்கள் அண்ணனை ஒரு கதவுப் பலகையில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குத் தூக்கினார்கள். தூக்கும்போதும் அவர் பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவில்லை.

“ஏதும் கிடந்ததோ?” என்றுதான் கேட்டார்.

பிள்ளைகளைக் கிணற்றடியில் கழுவிக் கூட்டிவந்தபோது, என் கணவர் நிலை இருந்த குழிக்குள் நின்று, அதே அலவாங்கால் கிண்டிக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கும் விசர் பிடிச்சிட்டுதே?” என்றேன்.

வாயில் அழுத்தியிருந்த துணியை எடுத்தார். “இனி விழுறதுக்கு என்ன கிடக்கு?”

அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. அழுகையும் வந்தது. முற்றத்தில் கிடந்த, மா அரிக்கிற அரிதட்டை எடுத்துவந்து, அவர் பக்கத்தில் குந்தி, கிண்டிப் போட்ட மண்ணை அரிக்கத் தொடங்கினேன்.