சாஸ்தா பெயரில் ஒரு பாஸ்வேர்டு

எங்கள் குலசாமி ஒரு சாஸ்தா. அவர் பெயரை இங்கே எழுதமாட்டேன். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் இன்னும் பாஸ்வேர்டை மாற்றவில்லை.

திருநெல்வேலிக்காரர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் குடும்பத்துக்குக் குடும்பம் ஒரு சாஸ்தா உண்டு. எந்த ஊரில் வேலை பார்த்தாலும் பங்குனி உத்திரத்தன்று வண்டி பிடித்து அவர் முன்னால் போய் நின்றுவிடுவோம். காவல் சாமி அல்லவா, அதனால் எதைப் பூட்டினாலும் அவர் பெயரைச் சொல்லித்தான் பூட்டுவது. போன், மெயில், எல்லாவற்றுக்கும் சாமி பெயர், அதன் வாலில் ஒரு 123. கம்ப்யூட்டர் படித்தவள் என்று உறவில் யார் புதுப் போன் வாங்கினாலும் என்னிடம் நீட்டுவார்கள். அப்படித்தான் எனக்குத் தெரிந்தது, மொத்தக் குடும்பத்துக்கும் ஒரே சாவி என்று.

"சாமிய விடப் பெரிய காவல் யாருளா?" என்பார் பெரியப்பா. பாளையங்கோட்டை கோர்ட்டில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர்.

"காப்பாரு பெரியப்பா. ஆனா அவரு பேரு கோயில் கொடை நோட்டீஸ்லயே அச்சடிச்சு வருதே."

"ரெண்டு எழுத்து படிச்சா இப்படித்தான் வாய் நீளும்."

இந்த வருஷப் பங்குனி உத்திரத்தன்று தோப்புக்குள் பொங்கல் பொங்கிக்கொண்டிருந்தபோது வாய்க்கால் பக்கமிருந்து சித்தி போனோடு ஓடி வந்தாள். அம்மாவின் தங்கை, அப்பாவின் தம்பியையே கட்டியவள். கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரி எம்பிராய்டரி வேலை செய்து, நெட்டில் ஒரு பக்கம் வைத்து ஆர்டர் எடுப்பவள். காலையில்தான் கோயில் வாசலில் நின்று படம் எடுத்து, 'எங்கள் குலதெய்வம்' என்று முழுப்பெயரோடு அந்தப் பக்கத்தில் போட்டிருந்தாள். போன வருஷமும் போட்டாள், அதற்கு முந்தின வருஷமும்.

"ஏட்டி, இது என்னன்னு பாரு. நான் இங்கன நிக்கேன். வேற ஏதோ ஊர்ல இருந்து நான் உள்ள வந்திருக்கேன்னு சொல்லுது."

எவனோ அவள் பக்கத்துக்குள் வந்துவிட்டான். அவன் பாஸ்வேர்டை மாற்றிவிட்டால் சித்தி வெளியே நிற்க வேண்டியதுதான். அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. கல்யாணப் பெண்கள் முன்னும் பின்னுமாக நின்று எடுத்த படங்கள், உடம்பு அளவுகள் எல்லாம் அந்தப் பக்கத்தின் மெசேஜில்தான் கிடந்தன. சித்தியும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும்.

"எத்தனை பிள்ளைக நம்பி அனுப்பியிருக்காளுவ," என்றாள். குரல் இறங்கிவிட்டது.

"பாஸ்வேர்டை உடனே மாத்திருவோம் சித்தி."

"சாமி பேருல்லா. எடுத்தா குத்தமாயிடும். இரு, பூக்கட்டிப் பாத்துருதேன்."

சொல்லிவிட்டுப் போனை என் கையில் கொடுத்துப் பூசாரியிடம் போய்விட்டாள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும், வெள்ளை வந்தால் மாற்றலாம். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. தோப்புக்குள் சிக்னல் கிடையாது. வாய்க்கால் மதகின் மேல் ஏறி நின்றால் கொஞ்சம் வரும். ஏறினேன். எல்லா இடத்திலிருந்தும் வெளியேற்று என்ற பொத்தானை அழுத்தினேன். போனான். மூச்சு விடுவதற்குள் பழைய சாவியைப் போட்டுத் திரும்பி வந்தான். மறுபடி தள்ளினேன். மறுபடி வந்தான்.

"சீக்கிரம் சித்தி! வெளிய தள்ளத் தள்ள உள்ள வருதான்!"

"பைய. சாமிய அவசரப்படுத்தாத."

சிவப்பு வந்தது.

சித்தி முகம் செத்துப்போனது. பெரியப்பா ஜெயித்துவிட்ட கோர்ட்டு முகத்தோடு என்னைப் பார்த்தார். பொங்கல் கிண்டிக்கொண்டிருந்த பெரியம்மாதான் கரண்டியை நீட்டிச் சொன்னாள்: "ஏன் இப்படி நிக்கிய? பேரை எடுக்க வேண்டாம்னுதான சாமி சொல்லுது. கூட நாலு பேரு நின்னா அவருக்கு என்ன, தொணைதான?"

அந்த நிமிஷம் பெரியம்மாவைத் தூக்கிச் சுற்றலாம் போலிருந்தது. "சித்தி, சாமி பேரு இருக்கட்டும். பின்னால சம்பந்தமே இல்லாத நாலஞ்சு வார்த்தை சேருங்க. யாரும் நினைக்காததா."

சித்தி மதகில் ஏறி என் காதருகே குனிந்தாள். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

"எங்கிட்டயும் சொல்லக்கூடாது. நீங்களே அடிங்க."

"ஒங்கிட்ட என்னட்டி ஒளிவு?"

"அடிங்க சித்தி!"

எங்களுக்கு முதுகைக் காட்டி, முந்தானையால் போனை மறைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். நடுவில் ஒருதரம் தானாகச் சிரித்துக்கொண்டாள். என்ன வார்த்தையோ, இன்றுவரை தெரியாது. பிறகு கடைசியாக ஒருதரம் எல்லா இடத்திலிருந்தும் வெளியேற்றினேன். அவள் போனுக்கு வரும் நம்பரையும் போட்டால்தான் திறக்கும்படி இன்னொரு பூட்டும் போட்டேன். காத்திருந்தோம். அவன் வரவில்லை.

"படத்தையெல்லாம் பாத்திருப்பானாட்டி?"

தெரியாது என்றேன்.

பந்தி போட்டாகிவிட்டது. சித்தி சாப்பிட வரவில்லை. மதகை ஒட்டிய ஆலமரத்தடியில் உட்கார்ந்து, படம் அனுப்பிய ஒவ்வொரு பெண்ணுக்கும் நடந்ததை உள்ளபடி எழுதினாள். எழுதி முடித்து அந்தப் படங்களை அழித்தாள். இனிமேல் அளவு ரவிக்கையை நேரில் கொண்டுவந்தால் போதும் என்றும் சொன்னாள். ஒருத்தி கோபமாக ஆர்டரை வேண்டாம் என்றாள். சித்தி அடுத்தவளுக்கு எழுதினாள்.

நான் இலையில் பொங்கலை எடுத்துக்கொண்டு போனபோது போன் ஒலித்தது. சித்தி திரையை என் பக்கம் திருப்பினாள்.

'மறைக்காமச் சொன்னதுக்கு நன்றிக்கா. என் பாஸ்வேர்டும் எங்க சாஸ்தா பேருதான், இப்பவே மாத்துதேன். ரவிக்கை கல்யாணத்துக்கு முன்ன கிடைச்சிரும்லா?'

சித்தி இலையை வாங்கிக்கொண்டாள்.