ட்ரங்க் போர்டு அக்காவின் மறதி

சித்தூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபது வயது. பக்கத்து நாற்காலியில் இருந்தவள் என்னைவிட மூன்று வயது மூத்தவள். நகரிப் பக்கத்தில் வேர்க்கடலை விளைவிக்கும் குடும்பம் அவளுடையது. நான் மிஷன் காம்பவுண்டில் வளர்ந்த கிறிஸ்தவப் பெண். முதல் நாளே அவளை அக்கா என்று கூப்பிட்டேன். இன்றும் அப்படித்தான்.

அது ஆட்டோமேட்டிக் வராத காலம். ஊரில் யார் யாரோடு பேசுவதானாலும் எங்கள் கை வழியாகத்தான் பேச வேண்டும். காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்போம்; எதிரே ட்ரங்க் போர்டில் விளக்கு எரிந்ததும் இணைப்பு ஒயரின் முனையைச் செருகி "நம்பர் ப்ளீஸ்" என்போம். எங்களுக்கெல்லாம் பக்கத்தில் டைரக்டரி வேண்டும். அக்காவுக்கு வேண்டாம். வெல்ல மண்டிக்காரர்கள் நம்பரே சொல்ல மாட்டார்கள்; "பெரிய மார்க்கெட் செட்டியாருக்குப் போடும்மா" என்பார்கள், அவள் போட்டுவிடுவாள். ஒரு டாக்டர் வீட்டில் மணி அடித்து யாரும் எடுக்கவில்லையென்றால், "இன்னிக்கி வெள்ளிக்கிழம, மாமியார் வீட்ல இருப்பாரு" என்று அங்கே இணைப்பாள். மதியம் களியும் கடலைத் துவையலும் கொண்டுவந்து பாதியை என் டிபன் பாக்ஸில் வைப்பாள். ஏழு பெண்கள் ஒரே அறையில் சிரித்த சிரிப்பு இப்போதும் எனக்குக் கேட்கிறது. அந்த ஊரே அவள் தலைக்குள் இருக்கிறது என்று நாங்கள் பெருமையாகப் பேசிக்கொள்வோம்.

அப்படிப்பட்டவள் ரிட்டையர் ஆகி ஏழெட்டு வருடம் கழித்து, ஒருநாள் என்னோடு செல்போன் கடையில் ரீசார்ஜ் செய்ய நின்றாள். கடைக்காரன் நம்பர் கேட்டான். அவள் மூன்று இலக்கத்தைச் சொன்னாள். அது எங்கள் காலத்து அரசு ஆஸ்பத்திரி நம்பர். அவன் சிரித்தான், அவளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன்பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. கேட்டதையே மறுபடி கேட்டாள். டிவியை அலறவிட்டாள். நான்கு பேர் கூடினால் ஓரமாக உட்கார்ந்து சும்மா தலையாட்டினாள். கணவர் போனபின் தனியாக இருந்ததால் பல நாள் சமைப்பதுகூட இல்லை, பிஸ்கட்டும் டீயும்தான்.

இங்கே நான் செய்த ஒரு காரியத்தை எழுதியே ஆக வேண்டும். நான் அவளைத் தவிர்த்தேன். என் அம்மா கடைசி மூன்று வருடம் என்னை யாரென்றே தெரியாமல் இருந்து போனவள். அதை மறுபடி பக்கத்திலிருந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. போன் வந்தால் வேலையாக இருக்கிறேன் என்றேன். இரண்டு மாதம் இப்படியே போயிற்று.

ஒரு காலையில் அவளே என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"இன்னாடி, என்னாண்ட ஏன் பேச மாட்ற?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா."

"எனக்கு மறதி வந்துக்கினு கீதுன்னு எனக்கே தெரியும். நீ தெரியாத மாதிரி நடிக்காத. எனக்கு பயமா கீது. கூட வா, டாக்டர பாக்கலாம்."

அடுக்களையில் நின்று இருவரும் அழுதோம். அந்த வாரமே திருப்பதிக்கு பஸ் ஏறினோம்.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் சின்ன வயசு லேடி டாக்டர். மூன்று வார்த்தைகளைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார். அக்காவுக்கு ஒன்றுதான் ஞாபகம் வந்தது. கடிகாரம் வரையச் சொன்னபோது கோபப்பட்டாள். "நான் இன்னா ஒண்ணாங்கிளாஸா?" என்றாள். பிறகு காது டெஸ்ட். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டினார்கள். மாட்டியதும் அவள் முதுகு நிமிர்ந்தது. வலது கை தானாக முன்னால் போய் எதையோ தேடியது. வெளியே நின்ற நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அந்த அறைக்குள் என் இருபது வயசும் உட்கார்ந்திருந்தது.

"பயப்படொத்தம்மா," என்று டாக்டர் தெலுங்கில் ஆரம்பித்தார். மறதி ஆரம்பித்திருப்பது உண்மைதான், அதை முழுசாக நிறுத்த முடியும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். ஆனால் காது பாதி கேட்கவில்லை. கேட்காததை மூளை எப்படி ஞாபகம் வைக்கும் என்று கேட்டார். சுகரும் பிரஷரும் ஏறியிருந்தன. ரத்தத்தில் ஒரு வைட்டமின் மிகவும் குறைந்திருந்தது. இவை எல்லாமே மூளையை வாட்டும், இவை எல்லாமே நம் கையில் இருப்பவை என்றார். தினமும் நடக்க வேண்டும், ஒழுங்காகச் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும். "எல்லாத்தையும்விட, பேச ஆள் வேணும்" என்று என்னைப் பார்த்தார். எனக்குச் சுருக்கென்றது.

காது மெஷினை ஒரு மாதம் தொடவே மாட்டேன் என்றாள். பிறகு ஒருநாள் மாட்டிக்கொண்டு, முதல் வார்த்தையாக என்னிடம், "நீ இம்மாம் சத்தமாவா பேசுவ?" என்றாள்.

நடைக்குத் துணை தேடியபோதுதான் பழைய ஆபரேட்டர்களின் நினைவு வந்தது. ஏழு பேரில் நாங்கள் உட்பட ஐந்து பேர் இன்னும் சித்தூரில்தான் இருந்தோம். தினம் விடிகாலையில் எல்லோரையும் போனில் எழுப்பும் வேலையை அக்காவிடம் கொடுத்தோம். செல்போனில் பெயரை அழுத்தக் கூடாது, நம்பரைத் தானே அழுத்த வேண்டும் என்பது அவளே வைத்துக்கொண்ட சட்டம். முதலில் ஒரு காகிதத்தைப் பார்த்து அழுத்தினாள். சில மாதங்களில் நாலு நம்பரில் மூன்றுக்குக் காகிதம் தேவைப்படவில்லை.

பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றி, புடவையும் கேன்வாஸ் ஷூவுமாக நடந்தோம். ஒவ்வொருத்தியின் கதையும் வெளியே வந்தது. ஒருத்தி பிரஷர் மாத்திரையை நல்லா இருக்கிற நாளில் நிறுத்திவிடுவாள். இன்னொருத்தி வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைத்தான் சாப்பிடுவாள். அறுபது வயசுவரை யாரும் எங்களை "நீ எப்படி கீற?" என்று கேட்டதில்லை, நாங்களும் கேட்டுக்கொண்டதில்லை.

எங்கள் சர்ச்சில் பெண்கள் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச என்னை அழைத்தார்கள். அக்காவையும் கூட்டிப்போனேன். நான் நர்ஸ் மாதிரி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தேன். பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். அக்கா எழுந்தாள்.

"எனக்கு மறதி வியாதி கீது," என்றாள். "காதும் கேக்காது. இதோ மெஷினு. உங்க யாருக்காச்சும் அடுப்புல பால வெச்சிட்டு மறந்து போவுதுன்னா, வயசு ஆச்சின்னு உட்டுடாதீங்க. வீட்ல சிரிப்பாங்கன்னு மறைக்காதீங்க. போய் காட்டுங்க. நான் லேட்டா போனேன். அதான் சொல்றேன்."

பின் வரிசையில், நகராட்சியில் தெரு பெருக்கி ரிட்டையரான ஒரு அம்மா மெதுவாகக் கை தூக்கினாள். "ரெண்டு வருசமா யாராண்டயும் சொல்லாம வெச்சிக்கினு கீறேன்," என்றாள். அக்கா போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அடுத்த வாரம் அந்த அம்மாவை நாங்கள்தான் திருப்பதிக்கு அழைத்துப்போனோம். தைராய்டு. மாத்திரையில் நிறையத் தெளிந்துவிட்டாள். எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்றிலிருந்து மைதானத்தில் கூட்டம் கூடியது. கார்வேட்டிநகரத்திலிருந்துகூட இரண்டு பெண்கள் முதல் பஸ்ஸில் வந்து, நாங்கள் வாங்கிவைத்த மெஷினில் பிரஷர் பார்த்துக்கொண்டு போனார்கள்.

அக்காவுக்கு அப்படி ஐந்து நல்ல வருடங்கள் கிடைத்தன. பேரன் கல்யாணத்தைத் தானே முன்னின்று நடத்தினாள். அதன்பிறகு மறதி மெல்ல மெல்லக் கூடியது. இப்போது திருப்பதியில் மகள் வீட்டில் இருக்கிறாள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை போகிறேன். சில நாள் என் பெயர் வருவதில்லை. ஆனால் வாசலில் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிடும். அம்மாவிடம் நான் எதற்குப் பயந்தேனோ அது இதோ என் எதிரிலேயே நடக்கிறது. ஆச்சரியம், நான் ஓடவில்லை.

போன தடவை சாயங்காலம் நடக்கப் போனபோது திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. ஒரு கடையின் தகரக் கூரைக்கடியில் ஒதுங்கினோம். பக்கத்தில் ஒருவன் சுட்ட சோளக்கதிர் விற்றுக்கொண்டிருந்தான். ஒன்று வாங்கி உடைத்து ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டோம். அக்கா பல் இருக்கிற பக்கமாகக் கடித்துவிட்டு, "எனக்கு எலுமிச்சம்பழம் தேச்சி தரச் சொல்லு, இவன் சரியா தேய்க்கல," என்று அவனைக் கோபமாகப் பார்த்தாள். அவன் சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை தேய்த்துக் கொடுத்தான்.