அண்ணி ஆற்றில் இறங்கிய சனிக்கிழமை

என் அண்ணிக்குத் திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை. வாரம் முழுக்க யார் வீட்டு ஜன்னல் துணியோ மடியில் மலைபோலக் கிடக்கும். சனிக்கிழமை வந்தால் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "என்னை யாரும் எழுப்பாதீங்க" என்பார்.

அண்ணன் நேரெதிர். லிஃப்ட் மெக்கானிக். ஐந்து நாளும் இருட்டுக் குழிக்குள் கிரீஸும் கம்பியுமாகக் கிடப்பவருக்கு விடுமுறையில் வானம் பார்த்தே ஆகவேண்டும். கூடாரம் வாங்கினார், பழைய துடுப்புப் படகு ஒன்றும் வாங்கினார். அண்ணியைத்தான் அசைக்க முடியவில்லை.

"கொசுக்கடி வாங்க அவ்வளவு தூரம் போகணுமா? இங்கயே கிடைக்குதே."

நானும் சேர்ந்து நச்சரித்த பிறகு ஒருமுறை அரை மனதாக வந்தார். ஆற்றங்கரைப் பூங்காவில் கூடாரம் அடித்தோம். அண்ணி அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"தையல் கோணலா இருக்கு. மழை வந்தா ஒழுகும்" என்று சொல்லிவிட்டுக் காருக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்.

அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. மிதவைச் சட்டையைக்கூடப் போடாமல் படகை எடுத்துக்கொண்டு நடு ஆற்றுக்குப் போனார். அங்கிருந்து எனக்குக் கை காட்டும்போது துடுப்பு நழுவியது. படகு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பாறைகள் இருக்கும் வளைவை நோக்கி நகர ஆரம்பித்தது. அண்ணனுக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது. "அண்ணே, படகை விட்டுடாதே" என்று கத்திக்கொண்டு கரையோரமாக ஓடினேன்.

அப்போதுதான் பின்னால் கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. செருப்பை உதறிவிட்டு, என்னைத் தாண்டி ஓடிப்போய் அண்ணி தண்ணீரில் பாய்ந்தார். தலை மறைந்தது. அந்தத் தலை மறுபடி எழுந்தபோது பாதி ஆறு கடந்திருந்தது. மிதந்து போன துடுப்பை எட்டிப் பிடித்து அண்ணன் கையில் திணித்தார். படகுக் கயிற்றைத் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"வேடிக்கை பாக்காம துடுப்பு போடுங்க."

இருவரும் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். அண்ணன் மணலில் உட்கார்ந்து, யாரோ புது ஆளைப் பார்ப்பதுபோல அண்ணியைப் பார்த்தார்.

"உனக்கு நீச்சல் தெரியுமா?"

"ஸ்கூல்ல நாலு வருஷம் ஜெயிச்சிருக்கேன்."

"ஒரு நாள்கூட சொல்லலையே."

"நீங்க ஒரு நாள்கூட கேக்கலையே. கல்யாணத்துக்கு அப்புறம் நான் தண்ணியப் பாத்ததே குழாய்லதான்."

அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அவர் டீ போட அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணோம். அண்ணி மறுபடி ஆற்றில் இருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது, முகம் முழுக்கச் சிரிப்பு.

இப்போது வெள்ளிக்கிழமை மாலை கடையை விட்டு முதலில் கிளம்புவது அண்ணிதான். "தம்பி, ரெடியா? இந்தத் தடவை ஏரி" என்று போன் வரும். போன வாரம் ஏரியின் அக்கரைவரை நீந்தினார். பாதுகாப்புக்காக அண்ணனும் நானும் மிதவைச் சட்டையோடு படகில் பின்தொடர்ந்தோம். துடுப்புப் போட்டு எங்களுக்குத்தான் மூச்சு வாங்கியது. நடு ஏரியில் அண்ணி தலையைத் தூக்கி, "கொஞ்சம் ஓரமா வாங்க, எனக்கு வழி விடுங்க" என்றார்.