மிதிக்காத கால்

பேய், பிசாசு, மந்திரித்த நூல் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான், நீங்கள் சிரிப்பதற்கு முன்னால் அதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த ஒரே சக்தி தோள்பலம்தான். மலேரியா ஊரை வாரிக்கொண்டு போனதற்கு முந்தின வருஷம், தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மூட்டைக்குக் குனிந்தவன் நிமிரவில்லை. இடுப்பு அப்படியே பூட்டிக்கொண்டது.

தோட்டத்து டிஸ்பென்சரியில் இரண்டு பேர் தோளையும் இரண்டு பேர் காலையும் பிடித்து இழுத்தார்கள். அதற்குப் பிறகு வண்டியில் போட்டுக் கட்டுகஸ்தோட்டைக்குக் கொண்டுபோனார்கள், அங்கே தைலம் தேய்க்கிற முஸ்லிம் நானா ஒருவர் முதுகில் முழங்காலை ஊன்றி ஏறியே உட்கார்ந்துவிட்டார். "இன்னும் பலமா அமுக்குங்க நானா" என்று கத்தினவனும் நான்தான். நம்பினால் நம்புங்கள், அமுக்க அமுக்க இறுகியதே தவிர இளகவில்லை. திங்கட்கிழமை வேலைக்கு வராவிட்டால் பெயரை வெட்டிவிடுவதாகக் கங்காணி சொல்லியனுப்பினார். பெயர் போனால் தோட்டத்தில் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பராவும் போகும். இரண்டு பெண்பிள்ளைகளோடு எங்கே போய் நிற்பேன்? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன்.

பக்கத்துக் காம்பராவில் செல்லம்மா என்று ஒரு பெண், பிறக்கும்போதே கால் முதலில் வந்தவள். அப்படிப்பட்டவர்கள் மிதித்தால் சுளுக்கு விடும் என்பார்கள். எனக்கு அதில் துளியும் நம்பிக்கையில்லை, ஆனாலும் கூப்பிட்டனுப்பினேன். வந்தவள் வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"பெரியவங்க மேல கால வைக்க மாட்டேன் மாமா. பாவம் வந்து சேரும்."

"பாவம் எனக்கே வரட்டும். ஓங்கி மிதி புள்ள."

நல்ல வெயில் நேரம். சாக்கில் குப்புறப் படுத்து, கண்ணை இறுக மூடிப் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒரு கால் இடுப்பில் பட்டது. மிதியே இல்லை, பூனை கால் வைப்பதுபோல ஒரு தொடல், அவ்வளவுதான். உள்ளே ஏதோ சொடுக்கென்றது, வலி தொடை வழியே இறங்கி ஓடிப்போனது. எழுந்து நின்றேன்!

"நல்லா மிதிச்ச தாயி" என்று திரும்பினால், செல்லம்மா முகம் வெளிறி இன்னும் வாசலில்தான் நிற்கிறாள்.

"நான் உள்ளுக்கே வரலியே மாமா."

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். அதற்கப்புறம் இந்த இடுப்பு ஒருநாளும் தொந்தரவு கொடுத்ததில்லை, இரண்டு பிள்ளைகளையும் நல்லபடியாகக் கட்டிக்கொடுத்தேன். ஒன்றை மட்டும் செல்லம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அந்தக் கால் இடுப்பை விட்டு விலகிய பிறகு, இரண்டு விரல்கள் வந்து அதே இடத்தைத் தொட்டுவிட்டுப் போயின. பிள்ளைகளைப் பெற்றவள் அதற்கு முன்பே செத்துப்போயிருந்தாள். தூக்கத்தில் அவள் கால் என்மேல் பட்டுவிட்டால்கூட, அப்படித்தான் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.