அண்ணியின் கைராசி

கைராசி என்ற சொல்லைக் கண்டுபிடித்தவன் மட்டும் என் கையில் கிடைத்தால் நாலு சாத்து சாத்துவேன். எங்கள் அண்ணியின் வாழ்க்கை அந்த ஒரு சொல்லில்தான் மாட்டிக்கொண்டது.

அண்ணி அரசுப் பூங்காவில் தோட்டக்காரி. நான் அதே பூங்கா வாசலில் சீட்டுக் கிழிப்பவள். அங்கே கண்ணாடிக் கூடத்துக்குள் நீலப்பூப் பூக்கும் ஒரு செடி உண்டு. அந்தக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய செடிகளில் பிழைத்தது அது ஒன்றுதான். குளிர்காற்று பட்டால் கருகிவிடும். விதையும் வைக்காது. கிளையைத் துண்டாக வெட்டி, அந்தப் போத்தை நட்டுத்தான் பெருக்க வேண்டும்; பத்து நட்டால் ஒன்பது அழுகும். இப்படிச் செல்லம் கொஞ்சும் செடியை நான் கண்டதில்லை! அண்ணி வேலைக்கு வந்த வருஷம் அவள் நட்டதில் பாதி பிழைத்துவிட்டது. பிடித்தது சனியன்.

அண்ணனுக்கு வேறு ஊரில் வேலை. கல்யாணமான நாள்முதல் இவள் இங்கே என்னோடு, அவன் அங்கே தனியாக. வேலையை விட்டால் அடுப்பு எரியாது. அந்த ஊர்ப் பூங்காவுக்கு மாற்றல் கேட்கும்போதெல்லாம் அதிகாரி சிரிப்பார். "உங்க கைராசி யாருக்கும்மா வரும்? நீங்க போனா செடி போயிடும்."

போன வருஷம் அண்ணன், "இனிமே நான் கேக்கமாட்டேன். வந்தா வா, இல்லாட்டி விடு" என்று சொல்லிவிட்டான். அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு ஒரு முடிவுக்கு வந்தாள். அந்தத் தடவை நட்ட போத்துகளுக்குத் தண்ணீரே காட்டவில்லை. ராசி பொய்த்தால் விட்டுவிடுவார்கள் அல்லவா?

அத்தனையும் துளிர்த்தன. இத்தனை காலமும் அந்தச் செடியைக் கொன்றது தண்ணீர்தான்!

அண்ணி ஓடிப்போய் உண்மையைக் கொட்டினாள். "ஐயா, நான் தண்ணியே ஊத்தலை. சும்மா விட்டா யார் நட்டாலும் வரும். என்னை அனுப்பிடுங்க."

"என்ன தன்னடக்கம் பாருங்க!" என்று அதிகாரி பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிச் சிரித்தார். கூடத்துச் சாவியையும் அவளிடமே கொடுத்துவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அண்ணி, எதுல சாகும்னுதான் தெரிஞ்சுபோச்சே? ஊத்துங்க, அழுகித் தொலையட்டும்!" வாளி நிறையத் தண்ணீர் பிடித்து நானே கொண்டுபோய் வைத்தேன்.

அண்ணி குவளையில் மொண்டாள். மற்றக் கை விரலால் ஒரு போத்தின் அடி மண்ணை விலக்கிப் பார்த்தாள். வெள்ளையாக வேர். விலக்கிய மண்ணை மறுபடி மூடினாள். மொண்ட தண்ணீரை வாளியிலேயே கொட்டிவிட்டாள்.

"நான் வரலைன்னு உங்க அண்ணன்கிட்ட நீயே சொல்லிடு" என்றாள். "எனக்கு வாய் வராது."