சண்முகவள்ளி செத்துப்போன கதை

தனுஷ்கோடி ரயில் நிலையத்தில் சுமை தூக்கிய மலையாண்டியின் மனைவி சண்முகவள்ளி. அறுபத்து நாலு டிசம்பரில் புயல் அடித்தபோது அவள் தங்கையின் பிரசவத்துக்காகப் பாம்பனில் இருந்தாள். மலையாண்டி வீட்டில் இருந்தான். உடல் கிடைக்கவில்லை. வீட்டில் அடுப்படிச் சுவர் மட்டும் மிஞ்சியது.

இரண்டு வருடம் கழித்து, இராமேசுவரம் வருகிறவர்கள் இடிந்த ஊரையும் பார்க்க மணலில் நடந்து வரத் தொடங்கினார்கள். சண்முகவள்ளி அந்தச் சுவரோரம் சாக்கு விரித்துச் சங்கும் சோழி மாலையும் விற்றாள்.

யாத்ரீகர்களை அழைத்து வருகிற நாகநாதன் அந்தச் சுவரைச் சீதை சமைத்த இடம் என்று சொல்லிவந்தான். ஒரு குடும்பம் சூடம் கொளுத்திக் கும்பிட்டது.

“கும்பிடாதீக. அது என் அடுப்படி. சாளைமீன் கொழம்பு வச்ச எடம்,” என்றாள் சண்முகவள்ளி.

சூடத்தை அணைப்பதா வேண்டாமா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த வீட்டைப் பற்றி விசாரித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்கள். நாகநாதன் அதைக் கவனித்தான். மறுவாரம் சீதையை விட்டுவிட்டான்.

“இந்த வீட்டுல சண்முகவள்ளின்னு ஒரு பொம்பள. அடுப்பு அணையக் கூடாதுன்னு காத்துக்கு முதுகக் குடுத்து நின்னா. அலை வந்து அப்படியே கொண்டு போயிருச்சு.”

பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். இரண்டு பேர் சண்முகவள்ளியிடமே சோழி மாலை வாங்கினார்கள்.

கூட்டம் நகர்ந்ததும் அவள் கேட்டாள்: “ஏலே நாகநாதா, நான் எப்படா செத்தேன்?”

“நீ உசுரோட இருக்கன்னு சொன்னா யாரு அக்கா நின்னு கேக்குறா?”

அது சரிதான் என்று அவளுக்கும் பட்டது. “அப்ப எங்க வீட்டுக்காரவுக?”

“அவரச் சொன்னா கதை நீளுமேக்கா.”

அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. புருஷன் பெயரை அவள் வாயால் சொல்வதில்லை. சொல்லிக் கூப்பிட்ட அக்கம்பக்கத்தாரில் பாதிப்பேர் கடலோடு போய்விட்டார்கள். மீதிப்பேர் எங்கெங்கோ குடியேறிவிட்டார்கள்.

மறுநாள் நாகநாதனை நிறுத்தினாள். “என்னைய எப்படி வேணா சாகடிச்சுக்க. அவுக பேரச் சொல்லிரணும்.”

“பேரு என்னக்கா?”

“பழனியில கோவணத்தோட நிக்கிறாருல்ல, அவரு பேரு.”

“பழனியாண்டியா?”

“பழனிய எடுத்துட்டு மலையப் போடு.”

“மலையாண்டி!”

அவள் தலையாட்டினாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயர் காதில் விழுந்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அதன்பின் நாகநாதன் தினமும் சொன்னான். வலை காயப்போட வருகிறவர்கள்கூட ‘மலையாண்டி வீட்டுப் பக்கம்’ என்று இடம் குறிக்க ஆரம்பித்தார்கள்.

ஒருநாள் மதுரையிலிருந்து வந்த ஒரு அம்மாள் சங்கு வாங்கிக்கொண்டே கேட்டாள்: “அந்தச் சண்முகவள்ளிய உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். நல்லவதான். வாய்தான் கொஞ்சம் நீளம்.”