இருநூற்று அறுபதாவது ஆட்டம்

டாரில் ஹ்ரிட்சுக் ஒன்பது வருடத்தில் பதினோரு ஐஸ் ஹாக்கி அணிகளுக்கு ஆடியவன். கேட்பவர்கள் பதினோரு அணிகள் இவனுக்காக அடித்துக்கொண்டன என்று நினைப்பார்கள். பத்து அணிகள் இவனை வண்டியேற்றி அனுப்பின என்பதுதான் உண்மை. பதினோராவது எங்கள் பெல் ரிவர் பீவர்ஸ். எங்களுக்கு எதுவும் தாமதமாகத்தான் உறைக்கும்.

நான் அந்த அணியின் சாமான்காரன். ஸ்கேட்டுக்குச் சாணை பிடிப்பது, வியர்வை நாற்றமடிக்கும் கையுறைகளைக் காயவைப்பது, பனியனில் பெயர் தைப்பது எல்லாம் நான்தான். பெயரைத் தைப்பேனே ஒழிய யாரையும் அந்தப் பெயரால் கூப்பிட மாட்டோம். ஹ்ரிட்சுக் வந்த அன்றே ஹ்ரிட்ஸி ஆகிவிட்டான். வார்டன் என்ற நான் முப்பது வருடமாக வார்ட்ஸ்.

ஆட்டம் எப்படி என்கிறீர்களா? கோல் போடமாட்டான். போடுகிறவனுக்கு இடைஞ்சலாகவும் இருக்கமாட்டான். பக் என்ற அந்த ரப்பர் வில்லை வந்தால் உடம்பைக் குறுக்கே போடுவான், அடி வாங்குவான், எழுந்து சிரிப்பான். பெரிய லீகிலிருந்து ஒருமுறை அழைப்பு வந்தது. விமானம் ஏறிப் போய் இறங்குவதற்குள் அங்கே அடிபட்டிருந்தவன் குணமாகிவிட்டான். அடுத்த விமானத்தில் திரும்பி வந்து, அங்கே கொடுத்த சாண்ட்விச் பிரமாதம் என்றான்.

எங்கள் சின்ன லீகில் ஒரு விதி உண்டு. இருநூற்று அறுபது ஆட்டம் ஆடியவன் அடுத்த பருவத்திலிருந்து 'மூத்தவன்'. ஓர் அணியில் நான்கு மூத்தவர்களுக்கு மேல் கூடாது. உலகத்தில் மற்ற தொழிலில் அனுபவம் இருந்தால் வேலை கிடைக்கும். இங்கே அனுபவம் வந்தால் வேலை போகும். எங்களிடம் ஏற்கெனவே நான்கு பேர் இருந்தார்கள். ஹ்ரிட்ஸி இருநூற்று ஐம்பத்தொன்பதில் நின்றான்.

அவன் மனைவி ஷாந்தெலுக்கு எங்கள் ஊர்ப் பல் டாக்டரிடம் வேலை கிடைத்திருந்தது. ஹாக்கி ஊரில் அதைவிட நிரந்தர வேலை எது? மகள் டெல்லா பள்ளியில் சேர்ந்திருந்தாள். கல்யாணமானதிலிருந்து முதல் தடவையாக ஒரே ஊரில் இரண்டாம் வருடம் இருக்கப்போகிறோம் என்று ஷாந்தெல் வீட்டுச் சுவருக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தாள். இருநூற்று அறுபதைத் தொடவிடமாட்டேன் என்று கோச் டெக்கரும் வாக்குக் கொடுத்திருந்தார். அவனுக்குக் 'கீழ் உடம்பில் காயம்' என்று எழுதி இரண்டு வாரம் உட்கார வைத்தார். எங்கள் தொழிலில் காயம் மேல் உடம்பு, கீழ் உடம்பு என்று இரண்டே வகை. உண்மையைச் சொல்லக்கூடாத எல்லாமே இந்த இரண்டில் அடங்கும்.

பருவத்தின் கடைசி ஆட்டம். இரண்டு அணிக்கும் இறுதிச் சுற்றுக்குப் போக வழியில்லை. ஹ்ரிட்ஸி கோட்டும் டையுமாக மேலே உட்கார்ந்து பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தான். ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் எங்கள் இளம் பையன் ஒருவனுக்கு வாயில் பக் பட்டு மூன்று பல் போயிற்று. கோச் ஹ்ரிட்ஸியைக் கீழே கூப்பிட்டார்.

"ஒரு ஆள் குறையுதுடா ஹ்ரிட்ஸி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கோச், இவன் ஐம்பத்தொன்பதுல நிக்கறான். நீங்கதானே உக்கார வெச்சீங்க?"

"எனக்கு எண்ணத் தெரியும் வார்ட்ஸ். இன்னிக்கு ஜெயிச்சா நாம கடைசி இல்ல, கடைசிக்கு முந்தின இடம். பசங்களுக்கு அது கௌரவம் இல்லியா? அடுத்த பருவம் அக்டோபர்லதானே, அந்தக் கதைய அப்ப பாத்துக்கலாம்."

பசங்கள் இருபது பேரும் ஹ்ரிட்ஸியைப் பார்த்தார்கள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. அவன் டையை அவிழ்த்தான். "பசங்களுக்காகத்தானே," என்றான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சாணை பிடித்து வைத்திருந்த அவன் ஸ்கேட்டை எடுத்து நீட்டினேன். இதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறையத் தோன்றுகிறது.

நான்கு நிமிடம் ஆடினான். ஆறுக்கு ஒன்று என்று தோற்றோம்.

வீட்டில் அவன் வாயே திறக்கவில்லை. திங்கட்கிழமை அந்தப் பல் போன பையன் ஷாந்தெல் வேலை செய்யும் இடத்துக்குப் போய் வாயைத் திறந்தவன், தன் இடத்தில் ஹ்ரிட்ஸி ஆடிய தியாகத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டான். அவள் வேலை உடுப்போடு நேரே, நாங்கள் சாமான் கட்டிக்கொண்டிருந்த உடைமாற்றும் அறைக்கு வந்தாள்.

"முடியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா உன் நாக்கு அழுகிடுமா?"

"பசங்க பாத்துட்டு இருந்தாங்க ஷாந்தெல்."

"உன் பொண்ணு பாத்துட்டு இருந்திருந்தா?"

அவன் ஷூ லேஸைப் பார்த்தான். "கோச் பாத்துக்குவார்."

"பாத்துக்குவார். அவரை அவர் நல்லாவே பாத்துக்குவார்."

ஜூலையில் கோச் போன் செய்தார். நாம் எல்லோரும் ஒரு குடும்பம் என்றார், உன்னைப்போல் குணவான் கிடையாது என்றார், உன்னைக் காப்பர் பே அணிக்குக் கொடுத்துவிட்டேன் என்றார். பதிலுக்கு ஆளும் இல்லை, காசும் இல்லை; எங்களுக்குக் கிடைத்தது 'பின்னால் பார்த்துக்கொள்ளலாம்' என்ற ஒற்றை வரி. ஒன்பது மணி நேரம் காரில் போகிற ஊர் அது. ஷாந்தெல் சண்டைகூடப் போடவில்லை. அவன் பையை மட்டும் கட்டிக் கொடுத்தாள்.

நவம்பரில் காப்பர் பே எங்கள் அரங்கத்துக்கு ஆட வந்தது. ஹ்ரிட்ஸி பனித்தளத்தின் விளிம்பில் நின்று மேலே தேடித் தேடிப் பார்த்தான். ஷாந்தெலும் டெல்லாவும் மூன்றாம் வரிசையில் இருந்தார்கள். டெல்லா பள்ளிக் கூட்டாளிகளோடு பீவர்ஸ் பனியன் போட்டிருந்தாள். இரண்டாம் பகுதியில் அவன் எங்கள் ஆளை மட்டையால் கொக்கி போட்டு இழுத்தான். இரண்டு நிமிடத் தண்டனை. தண்டனைக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்ததும் அரங்கமே ஊளையிட்டது. டெல்லா நாற்காலிமேல் ஏறி நின்று, கையைக் குவித்து, கழுத்து நரம்பு புடைக்க ஊளையிட்டாள்.

ஷாந்தெல் அவள் பனியனைப் பிடித்து இழுத்தாள். "டெல்லா, அது உங்க அப்பாடி!"

"தெரியும்மா," என்றாள் டெல்லா, மூச்சு வாங்கிக்கொண்டு. "ஆனா அவர் நம்ம ஊர் இல்லையே."